முக்கால் ஜல்லி

நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.
எங்கள் பக்கம் பழமொழி அதோடு முடிந்துவிடும்,
மறுபாதிக்கு இங்கே வேலையில்லை.
கோட்டூருக்குத் தெற்கே எந்த வயலைத் தோண்டினாலும்
களி, அதன்கீழ் களி, அதன்கீழ் நத்தை ஓடு,
அப்புறம் உப்புத்தண்ணீர்.
எறிவதென்றால் மண்ணாங்கட்டிதான்.
அதுவும் பாதி வழியில் உதிர்ந்துவிடும்;
நாய் நின்று வேடிக்கை பார்க்கும்.

ஆகவே கல் வெளியூரிலிருந்து வருகிறது,
கீரனூருக்கு அப்பால் பாறையை வெடித்து
கிரஷரின் பல்லில் மென்று,
தார்ப்பாய்க்குள் குலுங்கிக் குலுங்கி
அடைக்கலத்தின் லாரியில்.
மதகடியில் கொட்டினால்
கலியாணப் பாத்திரமெல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்த சத்தம்.

அதைச் சந்தேகப்படுவது என் வேலை.
தரக்கட்டுப்பாடு, தற்காலிகப் பணியிடம்.
இருபது மில்லி சல்லடையில் போட்டு ஆட்டுவேன்.
சப்பைக்கல்லை ஒதுக்குவேன்.
அது கலவைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்,
அதன் வயிற்றுக்கடியில் தண்ணீர் தேங்கும்,
காய்ந்தபின் அந்த இடத்தில் காற்று குடியிருக்கும்.
இரும்புக் கிண்ணத்தில் ஒரு பிடி இட்டு
பதினாலு கிலோ சுத்தியலைப் பதினைந்து தரம் விழவிட்டு
பொடியானது எவ்வளவென்று நிறுப்பேன்.
ஒருநாள் முழுக்க ஊறப்போட்டு
துணியால் ஈரம் ஒற்றி
எவ்வளவு குடித்தாய் என்று தராசில் கேட்பேன்.
நல்ல கல் நூற்றுக்கு ஒன்றுகூடக் குடிக்காது.
ஊரில் வேறு யாருக்கு
அப்படி ஒரு சான்றிதழ் எழுத முடியும்?

ஆனி மாதம். மேட்டூர் திறந்து பத்து நாள்.
கடைசி லோடுக்குள் கையை விட்டு எடுத்தேன்;
கோலமாவு அள்ளிய கையாக வந்தது.
"கல் நல்ல கல்தானே, மேடம்?"
கான்டிராக்டர் சௌரிராஜன் கேட்டார்.
நல்ல கல்தான்.
அதுதான் சொல்லக் கஷ்டம்.
போன வருஷம் பிரஸ்ஸில் உடைத்த கட்டையின் ஒரு பாதியை
பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன்.
உள்ளே ஒரு கல்லும் உடையவில்லை.
ஒவ்வொன்றும் முழுசாகக் கழன்று
பல் போன ஈறாகக் குழி விட்டிருந்தது.
சிமெண்ட் பிடித்துக்கொண்டது கல்லை அல்ல,
கல்மேல் இருந்த தூசியை.

"கழுவணும்" என்றேன்.
"எதுல?"
போர்த் தண்ணீர் கரிக்கும், கம்பியைத் தின்றுவிடும்.
குளம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
அவர் செல்போனைப் பார்த்தார்.
அடைக்கலம் லாரிக்கு அடியில் துண்டு விரித்துத் தூங்கினார்.

மூன்றாம் நாள் விடியலில் வந்தது,
நுரையும் சருகும் ஒற்றை ரப்பர் செருப்புமாக,
ஆள் நடக்கிற வேகம்கூட இல்லாமல்.
கொரம்பில் முட்டி நின்றது.
பக்கிரிசாமி மண்வெட்டியோடு வந்து
கல்லைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.
"என் நாத்தங்காலுக்கு முன்னாடி
உங்க ஜல்லிக்கு முழுக்கா?"
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு,
"பத்து மணி வரைக்கும்.
கழுநீரைத் தரிசுப் பக்கம் விடுங்க" என்றார்.

தையல்நாயகியும் இன்னும் மூன்று பேரும்
முழங்கால் தண்ணீரில் இறங்கி
கூடை கூடையாய் அரிசி களைவதுபோல் களைந்தார்கள்.
முதல் அலசல் பால்.
மூன்றாவதில் கல்லுக்கு நிறம் வந்தது:
நீலக் கறுப்பு, நடுவே உப்பு மினுக்கம்.
அவள் ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினாள்.
"வெட்டுது, பாருங்க."
வெட்டட்டும்.
ஆறு இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததெல்லாம்
வருகிற வழியிலேயே முனை மழுங்கியது.
லாரியில் வந்த இதற்குத்தான் இன்னும் கோபம் மிச்சம்,
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

சாயங்காலம் கான்கிரீட் போட்டோம்.
மதகின் எடையில் பாதி இந்தக் கல்.
பலகை பிரிக்கும்போது
அதில் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது;
தெரிந்தால் எனக்கு மெமோ.

இருபத்தெட்டு நாள் இருக்கிறது கட்டை உடைக்க.
கழுவிய கல் ஒரு கூடை கரையில் மிச்சம்.
நாய்
இப்போது கொஞ்சம் தள்ளியே நிற்கிறது.